தேர்வில் தோற்ற கணித மேதை

காவிரிக் கரையில் அமைந்த கும்பகோணம் கோயில்களால் புகழ் பெற்ற நகரம். கல்வியாலும் புகழ் பெற்ற நகரம். அந்நகரின் அரசினர் கல்லூரியைத் தென்னாட்டுக் கேம்பிரிட்ஜ் என்று கற்றோர் போற்றி வந்தனர். அக்கல்லூரியில் 1904-ஆம் ஆண்டில் சேர்ந்த மாணவர் ஒருவர் தேர்வில் தோற்றார். உபகாரச் சம்பளத்தை இழந்தார். கல்லூரியை விட்டே நீங்கினார். பத்து ஆண்டுகள் சென்றன. அதே மாணவர் கடல் கடந்து சென்று இங்கிலாந்து நாட்டுக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தினுள் நுழைந்தார். அப்போதும் அவரிடம் பட்டம் இல்லை. கல்லூரித் தேர்வு ஒன்றிலேனும் வென்றதற்குரிய சான்று இல்லை. அவர்தாம் சீனிவாச இராமானுஜன். அருகில் இருந்த கல்லூரி அடைத்த கதவைத் தொலைவில் இருந்த பல்கலைக்கழகம் எவ்வாறு திறந்தது என்பதை அவருடைய வரலாறு நமக்கு உணர்த்துகிறது.

பிறப்பும் இளமையும்

இராமானுஜன் 1887-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22-ஆம் நாள், ஈரோட்டில் தம் தாயைப் பெற்ற பாட்டியின் இல்லத்தில் பிறந்தார். தந்தையார் சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் துணிக்கடை ஒன்றில் கணக்கராக வேலை பார்த்தார். அன்னையார் கோமளத்தம்மாள் கடவுட் பற்று மிக்கவர். கோயிலில் பாடல்கள் பாடி வந்தவர். சாரங்கபாணி சன்னிதித் தெருவில் இருந்த சிறிய வீட்டில் அவர்கள் வாழ்ந்தனர். குடும்பத்தில் வறுமை இருந்தது. ஆயினும் ஒழுக்கமும் அன்பும் குறைவின்றி இருந்தன. வருவாய் போதாமையால் கல்லூரி மாணவர் சிலரை வீட்டில் தங்க வைத்து உணவளித்து, அதனால் வரும் சிறு தொகையையும் குடும்பச் செலவிற்குப் பயன்படுத்தினர்.

இரண்டு வயதில் இராமானுஜன் பெரியம்மை நோயால் தாக்கப்பட்டார். அந்நோய் அக்காலத்தில் பல குழந்தைகளின் உயிரைக் கவர்ந்தது. இவர் உயிர் பிழைத்தார். தொடக்கப் பள்ளியில் பயிலும்போதே இவருடைய அறிவுக் கூர்மை வெளிப்பட்டது. 1897-ஆம் ஆண்டு நடைபெற்ற தொடக்கப்பள்ளித் தேர்வில் மாவட்டத்திலேயே முதன்மையாக வென்றார். அடுத்த ஆண்டு கும்பகோணம் நகர உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார்.

பள்ளியில் இவர் கணிதத்தில் காட்டிய ஆர்வம் ஆசிரியர்களை வியப்பில் ஆழ்த்தியது. வீட்டில் தங்கியிருந்த கல்லூரி மாணவர்களிடம் கணித நூல்களை வாங்கிப் பயின்றார். லோனி என்பார் எழுதிய திரிகோண கணித நூலைப் பதின்மூன்று வயதிற்குள் தாமே கற்றுத் தெளிந்தார். அது கல்லூரி மாணவர்க்கென எழுதப்பட்ட நூல். 1904-ஆம் ஆண்டு பள்ளிப் படிப்பை முடித்தபோது, கணிதத்திற்குரிய ரங்கநாத ராவ் பரிசைத் தலைமையாசிரியர் கிருஷ்ணசாமி ஐயர் இவருக்கு வழங்கினார். முழு மதிப்பெண்ணும் இம்மாணவரின் திறமைக்குக் குறைந்ததே என்று அப்பெரியார் கருதினார்.

வாழ்வை மாற்றிய நூல்

பள்ளிப் படிப்பின் இறுதிக் காலத்தில் ஒரு நூல் இராமானுஜன் கையில் கிடைத்தது. கார் என்னும் ஆங்கில ஆசிரியர் தொகுத்த கணிதச் சுருக்க நூல் அது. அந்நூலில் ஏறத்தாழ ஐயாயிரம் கணித உண்மைகள் வரிசையாகக் கூறப்பட்டிருந்தன. ஆனால் அவற்றிற்குரிய நிறுவல்கள் விரிவாகத் தரப்படவில்லை. தேர்வுக்குப் படிக்கும் மாணவர் விரைந்து நினைவு கூர்வதற்காகத் தொகுக்கப்பட்ட நூல் அது. பிறர் அதனை ஒரு குறிப்பேடாகவே கண்டனர். இராமானுஜனோ ஒவ்வொரு தேற்றத்தையும் தம் முயற்சியால் நிறுவ முற்பட்டார். நிறுவும்போதே நூலில் இல்லாத புதிய தேற்றங்கள் அவர் உள்ளத்தில் தோன்றின. அவற்றைக் குறிப்பேடுகளில் எழுதத் தொடங்கினார்.

காகிதம் வாங்கப் பொருள் இல்லை. ஆதலால் கற்பலகையில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, மீண்டும் எழுதுவார். முடிந்த முடிபுகளை மட்டும் குறிப்பேட்டில் பதிவார். முடிவு மட்டும் நிற்க, வழி மறையும் இப்பழக்கம் அவருக்குப் பிற்காலத்தில் புகழையும் தந்தது; இடரையும் தந்தது.

தோல்விகள்

உயர்நிலைப் பள்ளியில் பெற்ற சிறப்பினால் அரசினர் கல்லூரியில் இராமானுஜனுக்கு உபகாரச் சம்பளம் கிடைத்தது. அந்நாளில் கல்லூரியில் ஈராண்டு பயின்று எஃப்.ஏ. என்னும் தேர்வில் வெல்லுதல் வேண்டும். அதில் வென்றோரே மேலும் பயின்று பி.ஏ. பட்டம் பெற இயலும். கணிதம் ஒன்றில் மட்டும் சிறந்து விளங்குதல் போதாது. ஆங்கிலம், வடமொழி, உடலியல், வரலாறு ஆகிய எல்லாப் பாடங்களிலும் தேர்ச்சி பெறுதல் வேண்டும்.

இராமானுஜனின் உள்ளமோ கணிதம் ஒன்றிலேயே மூழ்கிக் கிடந்தது. வகுப்பறையில் வேறு பாடம் நடந்துகொண்டிருக்கும்போதும் அவர் கை கணக்கையே எழுதிக்கொண்டிருக்கும். ஆங்கிலக் கட்டுரைத் தேர்வில் தோற்றார். உபகாரச் சம்பளம் நின்றது. சம்பளம் கட்டிப் படிக்கக் குடும்பத்தில் வகையில்லை. நாணமும் துயரமும் அவரை வாட்டின. 1905-ஆம் ஆண்டில், பெற்றோரிடம் சொல்லாமல் வீட்டை விட்டு விசாகப்பட்டினம் வரை சென்றுவிட்டார். பெற்றோர் கலங்கினர். பின்னர் அவர் இல்லம் திரும்பினார்.

1906-ஆம் ஆண்டு சென்னைக்குச் சென்று பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கிருந்த கணிதப் பேராசிரியர்கள் அவருடைய திறமையை உணர்ந்து ஊக்கினர். ஆனால் சில திங்களில் நோய்வாய்ப்பட்டு ஊர் திரும்ப நேர்ந்தது. ஆண்டின் இறுதியில் எஃப்.ஏ. தேர்வு எழுதினார். கணிதத்தில் வென்றார், ஏனைய பாடங்களில் தோற்றார். அடுத்த ஆண்டு தாமாகவே படித்து மீண்டும் தேர்வு எழுதினார். மீண்டும் தோற்றார். அத்துடன் பல்கலைக்கழகத்தின் கதவு அவருக்கு அடைபட்டது.

தேர்வு நடத்தியோர் அவருக்கு வேண்டுமென்றே தீங்கு இழைக்கவில்லை. எல்லோர்க்கும் பொதுவான விதி அது. பல துறை அறிவும் மாணவர்க்கு வேண்டும் என்னும் நல்ல நோக்கத்துடன் வகுக்கப்பட்ட விதியே அது. ஆயினும் ஆயிரம் பேரை அளப்பதற்கு அமைந்த அளவுகோல், ஆயிரத்தில் ஒருவராய்த் தோன்றியவரை அளக்க இயலாது போயிற்று.

வேலை தேடிய காலம்

1909-ஆம் ஆண்டு இராமானுஜனுக்கும் ஜானகி அம்மாளுக்கும் திருமணம் நடந்தது. இல்வாழ்க்கைப் பொறுப்பு வந்தது, வருவாயோ இல்லை. அறுவை மருத்துவத்திற்கு உட்பட வேண்டிய உடற்பிணியும் இடையே வந்து நீங்கியது. உடல் தேறியபின் வேலை தேடி ஊர் ஊராக அலைந்தார். சென்னையில் சில மாணவர்க்குக் கணிதம் சொல்லிக் கொடுத்துச் சிறிது பொருள் ஈட்டினார். எங்குச் சென்றாலும் குறிப்பேடுகள் அவரைப் பிரியவில்லை. பிறர் தேர்ச்சிச் சான்றுகளைக் காட்டி வேலை கேட்டனர். அவர் காட்டுவதற்கு அக்குறிப்பேடுகளே இருந்தன.

அந்நாளில் திருக்கோவலூரில் துணைக் கலெக்டராக இருந்தவர் இராமசாமி ஐயர். இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்த பெருமகனார் அவர். அவருடைய அலுவலகத்தில் ஓர் எழுத்தர் வேலையை நாடி இராமானுஜன் சென்றார். குறிப்பேட்டைப் புரட்டிய இராமசாமி ஐயர் வியந்தார். இத்தகைய ஒருவரை வருவாய்த் துறையின் கடைநிலை வேலையில் அமர்த்தி அவருடைய ஆற்றலை மங்கச் செய்ய அவர் மனம் இசையவில்லை. ஆதலால் வேலை தரவில்லை. அதனினும் பெரிய உதவியைச் செய்தார். சென்னையில் இருந்த கணித அறிஞர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார்.

அவ்வாறு இராமானுஜன் பேராசிரியர் சேஷு ஐயரை மீண்டும் சந்தித்தார். சேஷு ஐயர் கும்பகோணம் கல்லூரியில் இராமானுஜனை அறிந்தவர். அவர் வழியாக நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவின் நட்புக் கிடைத்தது. முதலில் ஐயுற்ற இராமச்சந்திர ராவ், இராமானுஜன் எளிய கணக்குகளினின்றும் தொடங்கிப் படிப்படியாகத் தம் கண்டுபிடிப்புகளை விளக்கக் கேட்டுத் தெளிந்தார். திங்கள்தோறும் 25 ரூபாய் கொடுத்து ஆதரித்தார். 1911-ஆம் ஆண்டு இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் இராமானுஜனின் முதல் ஆராய்ச்சிக் கட்டுரை வெளிவந்தது.

பிறர் பொருளில் நெடுநாள் வாழ இராமானுஜன் விரும்பவில்லை. 1912-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராக அமர்ந்தார். அங்குத் தலைமைக் கணக்கராக இருந்த நாராயண ஐயர் கணிதம் அறிந்தவர். அவ்வலுவலகத்தின் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்னும் பொறியாளர். இவ்விருவரும் இராமானுஜனை வெறும் எழுத்தராகக் கருதவில்லை. அவருடைய ஆராய்ச்சி உலகறிய வேண்டும் என்று முயன்றனர்.

ஒரு கடிதத்தின் பயன்

இராமானுஜனின் கணிதத்தை மதிப்பிட்டுக் கூறவல்லார் அந்நாளில் இந்தியாவில் அரியர். ஆதலால் இங்கிலாந்து நாட்டு அறிஞர்க்கு எழுதும்படி நண்பர்கள் தூண்டினர். அவரும் எழுதினார். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த பெயர் பெற்ற அறிஞர் சிலரிடமிருந்து பயனுள்ள விடை வரவில்லை. இராமானுஜன் சோர்ந்து விடவில்லை. 1913-ஆம் ஆண்டு சனவரி 16-ஆம் நாள், டிரினிட்டிக் கல்லூரியின் பேரறிஞர் ஹார்டிக்கு ஒரு கடிதம் எழுதினார்.

அக்கடிதத்தில் அவர் தம் நிலையை மறைக்கவில்லை. ஆண்டுக்கு இருபது பவுன் சம்பளம் பெறும் எழுத்தர் என்பதையும், பல்கலைக்கழகக் கல்வி பெறாதவர் என்பதையும் வெளிப்படையாகவே தெரிவித்தார். அதனுடன் தாம் கண்ட தேற்றங்களையும் இணைத்து அனுப்பினார். அக்கடிதத்திலும் அதனை அடுத்து எழுதிய கடிதத்திலுமாக ஏறத்தாழ 120 தேற்றங்கள் இருந்தன. ஆனால் அவற்றிற்கு நிறுவல்கள் இல்லை.

கடிதத்தைக் கண்ட ஹார்டி முதலில் ஐயுற்றார். யாரோ ஏமாற்ற எழுதிய கடிதமோ என்றும் எண்ணினார். அன்று மாலை தம் நண்பர் லிட்டில்வுட்டுடன் அமர்ந்து அத்தேற்றங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். சில முன்பே அறியப்பட்டவை. சில அரிதின் முயன்றால் நிறுவத் தக்கவை. சிலவோ அவ்விருவரும் அதுவரை கண்டிராத புதுமை வாய்ந்தவை. இவை உண்மையாகவே இருத்தல் வேண்டும், இல்லாத ஒன்றை இவ்வளவு நுட்பமாகக் கற்பனை செய்யவும் எவராலும் இயலாது என்று ஹார்டி முடிவு செய்தார். எழுதியவர் கணித மேதை என்பதில் அவர்க்கு ஐயம் நீங்கியது.

கடிதத்தில் பிழைகளும் இருந்தன. பகா எண்களைப் பற்றி இராமானுஜன் கண்ட முடிவு சரியானதன்று. ஐரோப்பிய அறிஞர் கண்டிருந்த முறைகள் அவருக்கு எட்டாமையே அப்பிழைக்குக் காரணம். பிழையைக் கண்டதனால் ஹார்டி ஏனைய முடிவுகளைத் தள்ளவில்லை. அத்தகைய மேதைக்கு எது கிடைக்கவில்லை என்பதை அப்பிழையிலிருந்தே உணர்ந்தார். பிப்ரவரி 8-ஆம் நாள், நிறுவல்களைக் கேட்டு ஊக்கமூட்டும் விடை எழுதினார்.

விதி வளைந்த வரலாறு

ஹார்டியின் விடை சென்னையில் புதிய விழிப்பை உண்டாக்கியது. அதே பிப்ரவரித் திங்களில் வானிலை ஆய்வுத் துறையின் தலைவர் கில்பர்ட் வாக்கர் சென்னைக்கு வந்தார். அவரும் டிரினிட்டிக் கல்லூரியில் பயின்ற கணித அறிஞர். இராமானுஜனின் குறிப்பேடுகளை அவர் பார்வையிட்டார். பிறகு, வயிற்றுப்பாட்டிற்காக உழைக்கும் நிலையிலிருந்து இவரை விடுவித்து, முழு நேரமும் ஆராய்ச்சியில் ஈடுபடச் செய்தல் வேண்டும் என்று சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு எழுதினார்.

பல்கலைக்கழகத்தில் ஒரு தடை எழுந்தது. ஆராய்ச்சிக்குரிய உபகாரச் சம்பளம் எம்.ஏ. பட்டம் பெற்றோர்க்கே உரியது என்பது விதி. இராமானுஜனோ எம்.ஏ. படிப்பிற்கு அடிப்படையாகிய பி.ஏ. படிப்பிலும், அதற்கு அடிப்படையாகிய எஃப்.ஏ. தேர்விலும் வெல்லாதவர். அப்போது ஆட்சிக்குழுவில் நல்லதொரு கருத்து எடுத்துரைக்கப்பட்டது. ஆராய்ச்சியை வளர்ப்பதும் பல்கலைக்கழகத்தின் நோக்கங்களுள் ஒன்று என்று சட்டத்தின் முகவுரையே கூறுகிறது. ஆராய்ச்சித் திறம் ஐயமற விளங்கும்போது தேர்வு விதி அதற்குத் தடையாதல் கூடாது என்பதே அக்கருத்து. 1913-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் ஆட்சிக்குழு அதனை ஏற்றது. திங்களுக்கு 75 ரூபாய் வீதம் ஈராண்டுகளுக்கு இராமானுஜனுக்கு வழங்கத் தீர்மானித்தது. மூன்று திங்களுக்கு ஒரு முறை தம் ஆராய்ச்சியைக் குறித்து அறிக்கை தருதல் அவர் கடமை.

எந்தப் பல்கலைக்கழகத்தின் தேர்வில் இரு முறை தோற்றாரோ, அந்தப் பல்கலைக்கழகத்திலேயே இராமானுஜன் ஆராய்ச்சி மாணவரானார். விதியை வகுத்தவர்களே அவ்விதியின் நோக்கத்தை உணர்ந்து அதனைத் தளர்த்தினர். இராமானுஜனும் அவர்கள் நம்பிக்கையைப் பொய்யாக்கவில்லை. உரிய காலத்தில் அறிக்கைகளைத் தவறாது அளித்தார்.

கடல் கடந்த பயணம்

இராமானுஜன் கேம்பிரிட்ஜுக்கு வர வேண்டும் என்று ஹார்டி விரும்பினார். ஆனால் கடல் கடத்தல் ஆசாரத்திற்கு மாறானது என்னும் கொள்கை அக்காலத்தில் வலிமை பெற்றிருந்தது. முதலில் இராமானுஜன் இசையவில்லை. 1914-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் டிரினிட்டிக் கல்லூரியின் இளம் அறிஞர் நெவில் சொற்பொழிவு ஆற்றச் சென்னைக்கு வந்தார். அவர் இராமானுஜனுடன் அன்புடன் பழகினார். அன்னையாரும் நாமகிரித் தாயாரின் அருள் கனவில் கிடைத்ததாகக் கருதி இசைவு தந்தார். இராமானுஜன் பயணத்திற்கு உடன்பட்டார்.

நெவில் பல்கலைக்கழகத்திற்கு எழுதினார். சென்னை ஆளுநர் பெண்ட்லண்டு பிரபுவும் ஆதரவு காட்டினார். ஆண்டுக்கு 250 பவுன் உபகாரச் சம்பளமும் பயணச் செலவும் வழங்கச் சென்னைப் பல்கலைக்கழகம் முன்வந்தது. அத்தொகையிலிருந்து திங்கள்தோறும் 60 ரூபாய் தம் பெற்றோர்க்குச் சேருமாறு இராமானுஜன் ஏற்பாடு செய்தார். குடுமியை நீக்கி மேனாட்டு உடை உடுத்து, 1914-ஆம் ஆண்டு மார்ச்சு 17-ஆம் நாள் நெவாசா என்னும் கப்பலில் சென்னையிலிருந்து புறப்பட்டார். ஏப்ரல் 14-ஆம் நாள் இலண்டனை அடைந்தார்.

நியூட்டன் பயின்ற கல்லூரி டிரினிட்டிக் கல்லூரி. அங்கு இடம் பெறுதல் இங்கிலாந்து நாட்டின் தேர்ந்த மாணவர்க்கே அரிது. முறையான தகுதிச் சான்று ஒன்றும் இல்லாத இராமானுஜனைப் பல்கலைக்கழகம் ஆராய்ச்சி மாணவராக ஏற்றுக்கொண்டது. டிரினிட்டிக் கல்லூரியும் ஆண்டுக்கு 60 பவுன் உதவித் தொகை அளித்தது.

கேம்பிரிட்ஜில் உழைப்பு

வாயில் திறந்ததும் உழைப்பு முடிந்துவிடவில்லை. உண்மையான உழைப்பு அங்கேதான் தொடங்கிற்று. தாம் கண்ட முடிவு சரியானது என்று உள்ளுணர்வால் அறிதல் வேறு. அதனைப் பிறர் மறுக்க இயலாதவாறு நிறுவுதல் வேறு. இரண்டாவதை இராமானுஜன் ஹார்டியிடம் கற்றார். முறைகளை வற்புறுத்தினால் அவருடைய இயல்பான ஊக்கம் குன்றுமோ என்று ஹார்டி அஞ்சினார். ஆதலால் மெல்ல மெல்லக் கற்பித்தார். கற்பித்ததினும் மிகுதியாகத் தாம் அவரிடம் கற்றதாகவே ஹார்டி பின்னாளில் கருதினார்.

மிகுதியான வகுஎண்களை உடைய எண்களைப் பற்றி இராமானுஜன் நீண்ட ஆராய்ச்சி ஒன்றை 1915-ஆம் ஆண்டில் வெளியிட்டார். சான்றாக, 12 என்னும் எண்ணை 1, 2, 3, 4, 6, 12 ஆகிய ஆறு எண்கள் மீதியின்றி வகுக்கும். பன்னிரண்டிற்குக் குறைந்த எந்த எண்ணுக்கும் ஆறு வகுஎண்கள் இல்லை. இத்தகைய எண்களின் இயல்பை அவர் ஆழ்ந்து விளக்கினார். அவ்வாராய்ச்சிக்காக 1916-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்குப் பி.ஏ. பட்டம் வழங்கியது. அது தேர்வு எழுதிப் பெற்ற பட்டம் அன்று. ஆராய்ச்சியால் பெற்ற பட்டம். பின்னாளில் வந்த பிஎச்.டி. பட்டத்திற்கு அது முன்னோடி. இவ்வாறு எஃப்.ஏ. தேர்வில் தோற்றவர் தம் இருபத்தெட்டாம் வயதில் பட்டதாரியானார்.

ஹார்டியும் இராமானுஜனும் இணைந்து செய்த ஆராய்ச்சிகளுள் எண்களைக் கூறுபடுத்துவது பற்றிய ஆராய்ச்சி தலைசிறந்தது. 4 என்னும் எண்ணை 4 என்றும், 3+1 என்றும், 2+2 என்றும், 2+1+1 என்றும், 1+1+1+1 என்றும் ஐந்து வகையாக எழுதலாம். எண் பெரிதாகும்போது வகைகளின் தொகை அளவின்றிப் பெருகும். 200 என்னும் எண்ணை எழுதக்கூடிய வகைகள் 3,972,999,029,388 ஆகும். ஏறத்தாழ நான்கு இலட்சம் கோடி. இத்தொகையை ஒவ்வொன்றாக எண்ணாமல் கண்டறியும் வழியை அவ்விருவரும் 1918-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மக்மகோன் என்னும் அறிஞர் நெடுநேரம் கணக்கிட்டுக் கண்ட விடையுடன் அவர்கள் கண்ட விடை ஒத்திருந்தது. கணித உலகம் வியந்தது.

நோயும் புகழும்

1914-ஆம் ஆண்டு ஜூலை இறுதியில் முதல் உலகப் போர் மூண்டது. உணவுப் பொருள்கள் அரியவாயின. இராமானுஜன் புலால் உண்ணாதவர். தம் உணவைத் தாமே சமைத்து உண்பவர். குளிரும், போதிய உணவின்மையும், இரவு பகல் பாராத உழைப்பும், குடும்பத்தைப் பிரிந்த தனிமையும் அவர் உடலை வாட்டின. 1917-ஆம் ஆண்டு நோயுற்றார். மருத்துவமனை ஒன்றிலிருந்து மற்றொன்றிற்கு மாறி மாறிச் சிகிச்சை பெற்றார்.

பட்னி என்னும் இடத்தில் அவர் நோயுற்றிருந்தபோது ஹார்டி பார்க்கச் சென்றார். தாம் வந்த வாடகை வண்டியின் எண் 1729 என்றும், அது சிறப்பற்ற எண்ணாகத் தோன்றுகிறது என்றும் கூறினார். இராமானுஜன் உடனே அதனை மறுத்தார். இரண்டு கன எண்களின் கூட்டாக இரு வகையில் எழுதத்தக்க எண்களுள் அதுவே மிகச் சிறியது என்று விளக்கினார். 1-இன் கனம் 1. 12-இன் கனம் 1728. 9-இன் கனம் 729. 10-இன் கனம் 1000. இருவகைக் கூட்டும் 1729 ஆதல் காண்க. நோய்ப் படுக்கையிலும் எண்கள் அவருக்கு உற்ற நண்பர்களாகவே இருந்தன.

1918-ஆம் ஆண்டு ராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அதே ஆண்டு அக்டோபர்த் திங்களில் டிரினிட்டிக் கல்லூரி தன் ஆய்வுறுப்பினர் பதவியை அவருக்கு அளித்தது. அப்பதவியைப் பெற்ற முதல் இந்தியர் இராமானுஜனே.

வறுமையை மறவாத உள்ளம்

இராமானுஜனின் புகழைக் கேட்டுச் சென்னைப் பல்கலைக்கழகம் அவர் தாயகம் திரும்பியதும் ஆண்டுக்கு 250 பவுன் வழங்க முன்வந்தது. 1919-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் இராமானுஜன் நன்றி தெரிவித்து விடை எழுதினார். அத்தொகை தம் தேவைக்கு மிகுதி என்று அதில் குறிப்பிட்டார். பெற்றோர்க்கு ஆண்டுதோறும் 50 பவுன் அளித்துத் தம் இன்றியமையாத செலவும் போக எஞ்சியதை, ஏழைச் சிறுவர்க்கும் பெற்றோரை இழந்தவர்க்கும் கல்விச் சம்பளம் குறைக்கவும், பள்ளிகளுக்கு நூல்கள் வாங்கவும் பயன்படுத்துமாறு வேண்டினார்.

சம்பளம் கட்ட வழியின்றிக் கல்லூரியை விட்டு நீங்கிய இளைஞனின் துயரத்தை அவர் மறக்கவில்லை. இரவல் நூல் ஒன்று ஒருவன் வாழ்வை எவ்வாறு மாற்றும் என்பதையும் மறக்கவில்லை. தமக்குத் திறந்த கதவு பிறர்க்கும் திறக்க வேண்டும் என்று விரும்பினார்.

1919-ஆம் ஆண்டில் அவர் தாயகம் திரும்பினார். உடல்நிலை தேறவில்லை. நோயின் கொடுமைக்கிடையேயும் புதிய கணித உண்மைகளைக் கண்டு 1920 சனவரியில் ஹார்டிக்கு எழுதினார். ஜானகி அம்மாள் அருகிலிருந்து அன்புடன் பணிவிடை செய்தார். 1920-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் இராமானுஜன் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டு.

அழியாச் செல்வம்

அவர் விட்டுச் சென்ற குறிப்பேடுகளில் மூவாயிரத்திற்கு மேற்பட்ட முடிவுகள் உள்ளன. 1957-ஆம் ஆண்டு அவை அவருடைய கையெழுத்திலேயே நூலாக வெளியிடப்பட்டன. அவற்றிற்கு நிறுவல் காணும் பணியில் அறிஞர் பலர் பல்லாண்டுகள் ஈடுபட்டனர். அவருடைய இறுதிக் கால ஆராய்ச்சித் தாள்கள் 1976-ஆம் ஆண்டு டிரினிட்டிக் கல்லூரி நூலகத்தில் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்னும் அறிஞரால் கண்டெடுக்கப்பட்டன. இந்திய அரசு 1962-ஆம் ஆண்டு அவர் உருவம் பொறித்த அஞ்சல் தலையை வெளியிட்டது. 2012-ஆம் ஆண்டைத் தேசியக் கணித ஆண்டாகக் கொண்டாடியது. அவர் பிறந்த டிசம்பர் 22-ஆம் நாள் தேசியக் கணித நாளாயிற்று. கும்பகோணத்தில் அவர் வாழ்ந்த சிறிய வீடு நினைவில்லமாகப் போற்றப்படுகிறது.

இராமானுஜன் தேர்வில் தோற்றதனால் மேதையாகவில்லை. தோற்ற பின்னும் உழைத்ததனால் மேதையானார். தோல்வி அவரிடமிருந்து கவர்ந்து சென்றவையும் பல. பதினெட்டு வயதிலிருந்து இருபத்தைந்து வயது வரை, நல்லாசிரியரும் நூல்களும் வாய்த்திருக்க வேண்டிய பருவத்தில், அவர் வேலை தேடி அலைந்தார். அவ்வாண்டுகள் வீணானதே பெரிய இழப்பு என்று ஹார்டி வருந்தினார். ஆதலால் தேர்வைப் புறக்கணிக்குமாறு அவர் வரலாறு எவர்க்கும் கூறவில்லை.

அது கூறும் உண்மைகள் இரண்டு. மதிப்பெண் ஒருவன் கற்றதைக் காட்டும். அவன் ஆற்றல் முழுவதையும் காட்டாது. ஆதலால் தோல்வியுற்றவன் தன் உழைப்பைக் கைவிடுதல் ஆகாது. இது முதல் உண்மை. கதவைக் காப்பவர் விதியை மட்டும் நோக்காது, வாயிலில் நிற்பவன் கையில் இருக்கும் குறிப்பேட்டையும் புரட்டிப் பார்த்தல் வேண்டும். இது இரண்டாம் உண்மை. இராமசாமி ஐயரும் சேஷு ஐயரும் இராமச்சந்திர ராவும் நாராயண ஐயரும் ஹார்டியும் அவ்வாறு புரட்டிப் பார்த்தனர். அதனால் உலகம் ஒரு மேதையைப் பெற்றது.